பாட்டுப் பெட்டியும் பகைக் கணிப்பொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ சமயமோ பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மை அழைத்து, "சட்டைப்பையில் அடங்கும் பழைய இசைக்கருவிகளைப் பற்றிப் பேசுங்கள், கணிப்பொறியோடு அவை ஒத்துப்போக மறுக்கும்போது என்ன செய்வது என்று நம் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று பணித்தனர். இஃது என்ன புதுமை என்று முன் வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். ஆயினும் நம் காலனியில் எந்த வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்தாலும், பழைய ரேஷன் அட்டைக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவே, துணியில் சுற்றிய அத்தகைய கருவி ஒன்று உறங்கிக் கொண்டிருக்கும். அதனை எழுப்புவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பாட்டு வேண்டுமாயின் கைப்பேசியைத் தொட்டால் போதுமே, பழைய பெட்டியை ஏன் கட்டி அழ வேண்டும் என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால், கைப்பேசி தருவது ஊருக்கெல்லாம் பொதுவான பாட்டு. தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ரயிலேறி இவ்வடபுலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் சொந்தக் குரல்கள், பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் மண்டபத்துக் கூட்டுப் பிரார்த்தனை, மகளின் அரங்கேற்றத்தன்று வீட்டார் எடுத்த பதிவு ஆகியவை எந்த நிறுவனத்தின் களஞ்சியத்திலும் இல்லை. அவை அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கின்றன. பெட்டி பேச மறுத்தால் அவையும் பேசா.

இவ்வகைக் கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது ஐபாட் ஆகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் குப்பர்டினோ என்னும் ஊரில் தலைமையகம் கொண்ட ஆப்பிள் நிறுவனம், 2001ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதனை உலகுக்குக் காட்டிற்று. தோஷிபா நிறுவனத்தார் செய்த, 1.8 அங்குல வகை வன்தட்டு ஒன்றை அதனுள் வைத்திருந்தனர். அதன் கொள்ளளவு 5 ஜிகாபைட். ஏறத்தாழ ஆயிரம் பாட்டுகள் அடங்கும். விலை 399 டாலர். சீட்டுக்கட்டின் அளவினதாகிய பெட்டியில் ஆயிரம் பாட்டு என்றதும் மக்கள் வியந்தனர். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆப்பிளார் தாமே செய்த மாக்கின்டாஷ் கணிப்பொறியோடு மட்டுமே அது உறவாடும். உலகின் கணிப்பொறிகளுள் மிகப் பெரும்பாலானவை அன்றும் இன்றும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸால் இயங்குபவை. ஊருக்கெல்லாம் விருந்து என்று பறையறைந்துவிட்டு, மேலைத்தெருக்காரர்க்கு மட்டுமே இலை போட்டாற்போல் ஆயிற்று.

இஃது அறியாமல் நேர்ந்ததன்று. கருவியின்மேல் ஆசை கொண்டோர் அதன்பொருட்டு மாக்கின்டாஷையும் வாங்குவர் என்பது ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸின் கணக்கு. விண்டோஸுக்கும் அதனை வழங்கலாம் என்று உடன் பணியாற்றியவர்கள் எடுத்துக் கூறியபோது அவர் நெடுநாள் இசையவில்லை என்று, 2011இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் எழுதுகிறார். 2002 ஜூலையில்தான் விண்டோஸுக்குரிய ஐபாட் வந்தது. அப்போதும் ஆப்பிளார் தம் சொந்த ஐடியூன்ஸ் மென்பொருளைத் தரவில்லை. மியூசிக்மாட்ச் என்ற வேற்று நிறுவனத்தின் மென்பொருளைத் துணைக்கு அனுப்பினர். ஐடியூன்ஸே விண்டோஸுக்கு வந்து சேர்ந்த நாள் 2003 அக்டோபர் 16. இரு ஆண்டுக் காலம் பெரும்பாலோர் வாயிலில் நின்றனர் என்பது பொருள்.

நின்றவர்கள் வாளாவிருக்கவில்லை. மாக்கின்டாஷ் தட்டுகளை விண்டோஸில் படிக்கும் மென்பொருளை முன்னரே விற்று வந்த மீடியாஃபோர் என்னும் சிறு நிறுவனம், எக்ஸ்பிளே என்றொரு நிரலை ஆக்கிற்று. எஃப்பாட் என்ற இலவச நிரல் ஒன்றும் பரவிற்று. லினக்ஸ் அன்பர்களோ ஜிடிகேபாட் என்ற நிரலைத் தமக்கென எழுதிக் கொண்டனர். இவர்கள் எதனை உடைக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தால்தான், நம் வீட்டுப் பெட்டி ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது விளங்கும்.

முதல் தடை கம்பி. முதல் ஐபாட் ஃபயர்வயர் என்னும் இணைப்பை உடையது. நொடிக்கு 400 மெகாபிட் ஓடும் பெருவழி அது. அந்நாளில் விண்டோஸ் பொறிகளில் பரவலாக இருந்த யு.எஸ்.பி. 1.1 இணைப்போ நொடிக்கு 12 மெகாபிட் செல்லும் ஒற்றையடிப் பாதை. 5 ஜிகாபைட்டை அப்பாதையில் அனுப்பினால் ஏட்டுக் கணக்குப்படியே ஏறத்தாழ ஒரு மணி நேரம். நடைமுறையில் அதனினும் மிகுதி. ஃபயர்வயர் வைத்திருந்த சில விண்டோஸ் மடிக்கணினிகளிலும் நான்கு முனைச் சிறு துளைதான் இருந்தது. ஐபாட்டுக்கு வேண்டியது மின்சாரமும் சேர்ந்து வரும் ஆறு முனைத் துளை. பாட்டு ஏறும், மின்கலம் ஏறாது. பின்னாளில் யு.எஸ்.பி. 2.0 வந்ததும் இத்தடை தானே தேய்ந்துபோயிற்று. ஆகையால் இதில் மிகுதியும் காலம் போக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தடை தட்டின் அமைப்பு. வன்தட்டில் செய்தியை எந்த முறையில் அடுக்குவது என்பதில் ஒவ்வொரு மரபினர்க்கும் ஒவ்வொரு முறை. மாக்கின்டாஷ் மரபினர் எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற முறையைக் கைக்கொண்டனர். விண்டோஸ் மரபினர்க்கு ஃபாட் 32, என்.டி.எஃப்.எஸ். என்பன. ஒரே நெல்தான், ஒருவர் குதிரில் கொட்டினார், மற்றவர் பத்தாயத்தில் கொட்டினார் என்று எண்ணிக் கொள்ளலாம். விண்டோஸுக்குக் குதிரைத் திறக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லி நின்றுவிட்டாலும் குற்றமில்லை. "இத்தட்டைப் பயன்படுத்த வேண்டுமாயின் ஃபார்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா?" என்று அது கேட்கிறது. ஐடியூன்ஸும், இஃது மாக்கின்டாஷ் முறையில் அமைந்த ஐபாட், விண்டோஸில் பயன்படுத்துமுன் மீளமைத்தல் வேண்டும் என்று அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் வரும் அக்கேள்வியின் பொருள், பத்தாயத்துக்கு இடம் வேண்டும், குதிரை இடித்து நெல்லை வாரிக் கொட்டிவிடலாமா என்பதே. ஆம் என்று அழுத்தினால் அதனோடு தீர்ந்தது. தாய்மார்கள் இதனை மட்டுமாவது நினைவில் வைத்தல் வேண்டும். ஃபார்மட் என்ற சொல்லைத் திரையில் கண்டால் கையை எடுத்து விடுங்கள்.

மூன்றாவது தடைதான் சுவையானது. கம்பி பொருந்தியது, தட்டும் திறந்தது என்று வைத்துக் கொள்வோம். எம்.பி.3 கோப்பு ஒன்றை எடுத்து ஐபாட்டின் தட்டில் போட்டு விடுகிறோம். கருவியை எடுத்துப் பார்த்தால் பாட்டு இல்லை! தட்டில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. வேலை மாற்றலாகி இந்நகருக்கு வந்த புதிதில் நம்மில் பலர் பட்ட பாட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஆள் கடை வாசலில் பையோடு நிற்கிறார், பசியும் இருக்கிறது, ஆனால் ஊரிலிருந்து பெயர் மாற்றி எழுதி வரவில்லை ஆதலின் ரேஷன் கடைக்காரருக்கு அவர் இல்லாதவரே. ஐபாட்டும் அவ்வாறே. ஐடியூன்ஸ் டி.பி. என்று பெயரிட்ட பதிவேடு ஒன்று அதனுள் மறைந்துள்ளது. அதில் எழுதப்பட்ட பாட்டே பாட்டு. எழுதுபவர் ஐடியூன்ஸ். பாட்டுக் கோப்புகளோ எஃப்00, எஃப்01 என்று எண்ணிட்ட அறைகளில், நான்கு எழுத்துப் பொய்ப்பெயர் பூண்டு சிதறிக் கிடக்கும். எந்த அறையில் எந்தப் பெயரில் எந்தப் பாட்டு என்பது பதிவேட்டுக்கே வெளிச்சம்.

அப்பதிவேட்டின் இலக்கணத்தை ஆப்பிளார் வெளியிடவில்லை. வெளியார் அதனைக் கல்வெட்டுப் படிப்பதுபோல் படித்தனர். ஒரு பாட்டைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஏட்டைப் படியெடுத்து, எந்த இடத்தில் எந்த எண் மாறிற்று என்று ஒப்பிட்டனர். ஏட்டின் ஒவ்வொரு பகுதியும் எம், எச் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் நான்கெழுத்துக் குறியோடு தொடங்குவதைக் கண்டனர். பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் யூனிகோடு முறையில் எழுதப்பட்டிருப்பதையும் கண்டனர். இவ்வாறு திரட்டிய இலக்கணத்தைக் கொண்டு லிப்ஜிபாட் என்றொரு பொது நூலகத்தை ஆக்கினர். இன்று லினக்ஸில் ஐபாட்டைத் திறக்கும் நிரல்கள் பல அதன் தோளில் நிற்பவையே. மண்ணுக்குள் புதைந்த கல்லைத் தோண்டிப் படிப்பவர்க்குத் தரும் மதிப்பை இவர்களுக்கும் தருவது முறை என்பது நம் எண்ணம்.

2007 செப்டம்பரில் வெளிவந்த புதிய ஐபாட்டுகளில் அவ்வேட்டின் தலைப்பில் ஒரு முத்திரை எண்ணும் சேர்ந்தது. முத்திரை சரியில்லையேல் கருவி பாட்டுகளே இல்லை என்று சாதிக்கும். சில நாட்களில் வெளியார் அம்முத்திரையின் கணக்கையும் கண்டுபிடித்தனர். அடுத்து வந்த முத்திரையைப் பற்றிப் புளூவிக்கி என்ற பொதுத் தளத்தில் சிலர் விவாதித்தபோது, 2008இல் ஆப்பிளின் வழக்கறிஞர்கள் அவ்விவாதத்தை நீக்குமாறு ஓலை அனுப்பினர். 2009இல் அது நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிளார் தம் ஓலையை மீட்டுக் கொண்டனர். விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் சொந்தப் பாட்டைச் சொந்தக் கையால் வைப்பது எப்படி என்று பேசுவதற்கே வழக்கு வேண்டியிருந்தது!

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நடுவுநிலை ஆகாது. விலை கொடாமல் பாட்டைப் படியெடுத்துப் பரப்பும் வழக்கம் அக்காலத்தில் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. இசை நிறுவனத்தார் அஞ்சினர். முதல் ஐபாட்டின் மேலுறையிலேயே, பாட்டைத் திருடாதீர் என்ற அறிவுரையை நான்கு மொழியில் அச்சிட்டிருந்தனர். கணிப்பொறியிலிருந்து கருவிக்குப் பாட்டு செல்லலாம், கருவியிலிருந்து கணிப்பொறிக்குத் திரும்பலாகாது என்ற ஒருவழிப் பாதையை அமைத்ததற்கு அந்த அச்சமும் காரணம். அது திருடனைத் தடுத்ததோ இல்லையோ, கணிப்பொறி பழுதாகிப் போன பின் தன் பாட்டைத் தானே மீட்க விரும்பிய உரியவனைத் தடுத்தது.

ஆப்பிளை மட்டும் குறை சொல்வதும் பொருந்தாது. ஜப்பானிய சோனி நிறுவனம் 2004இல் வெளியிட்ட வன்தட்டு வாக்மன், உலகமெல்லாம் வழங்கிய எம்.பி.3 வடிவத்தை ஏற்காமல், ஏட்ராக் என்ற தன் சொந்த வடிவத்துக்கு மாற்றினால்தான் பாடுவேன் என்றது. சோனிக்ஸ்டேஜ் என்ற விண்டோஸ் மென்பொருள் இன்றி அதில் பாட்டு ஏறாது. மாக்கின்டாஷ் வைத்திருந்தோர் அங்கே வாயிலில் நின்றனர். அதே நிறுவனத்தின் பழைய முறை மினிடிஸ்கில் ஒலிவாங்கி வைத்துப் பதிந்த குரல்களை அப்படியே கணிப்பொறிக்குள் இறக்க, 2006இல் வந்த ஒரே ஒரு கருவிதான் வழி விட்டது. மைக்ரோசாஃப்டோ 2006 நவம்பரில் சூன் என்ற கருவியைக் கொண்டு வந்தது. அது விண்டோஸுக்கே உரியது என்பதில் வியப்பில்லை. அதே மைக்ரோசாஃப்ட் முன்பு, எங்கும் பாடும் என்று உறுதி கூறி முத்திரையிட்ட வேறு கடைப் பாட்டுகளைச் சூன் பாட மறுத்தது என்பதே வியப்பு. தன் வீட்டு மருமகளையே தன் வீட்டார் உள்ளே விடாத கதை.

இதற்கிடையே, பெயரும் புகழும் இல்லாமல் கடைவீதிகளில் குவியலாய் விற்ற மலிவுக் கருவிகள் மிக நேர்மையாக நடந்து கொண்டன. கணிப்பொறியில் செருகினால் பென் டிரைவ் போலத் தோன்றும். கோப்பை இழுத்துப் போட்டால் பாடும். விண்டோஸ், மாக்கின்டாஷ், லினக்ஸ் என்ற சாதி வேற்றுமை அவற்றுக்கு இல்லை. அழகில் குறைந்தவை, ஒலியிலும் குறைந்தவை. ஆயினும் அவற்றில் வைத்த பாட்டை வைத்தவரே எடுத்துக் கொள்ள முடிந்தது.

இனி, நம் சங்கத்தார் பட்டறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வாண்டு இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

நம் காலனி முருகன் கோயில் மண்டபத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமை தோறும் குழந்தைகளுக்குத் தேவாரமும் திருப்புகழும் கற்பித்த பெரியவரை இங்குள்ளோர் பலரும் அறிவர். ஊதியம் பெறாதவர், குழந்தை ஒன்று தாளம் தப்பினால் முகம் சுளியாமல் ஒன்பது முறை சொல்லிக் கொடுப்பவர். அவர் மறைந்தபின், ஆண்டு விழா இறைவணக்கத்துக்கு அவர் குரலையே ஒலிக்கச் செய்யலாம் என்று செயற்குழு விரும்பிற்று. யாரிடமும் பதிவு இல்லை. அவர் மகளார்தாம், 2005ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் ஓர் ஐபாட்டின் தலையில் சிறு ஒலிவாங்கியைச் செருகித் தாத்தாவின் வகுப்புகளைப் பல வாரம் பதிந்தான் என்று நினைவுகூர்ந்து, அக்கருவியைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார்.

பேரனின் கணிப்பொறி மாக்கின்டாஷ்; அது எப்போதோ பழுதாகிக் கழிந்து போயிற்று. கருவியின் மின்கலமும் செத்துவிட்டது. கம்பியைச் செருகி வைத்திருந்தால் மட்டும் கண் திறக்கும். உள்ளேயுள்ள வன்தட்டு இடையிடையே டிக் டிக்கென்று ஒலித்தது. அவ்வொலி நல்ல சகுனம் அன்று. காலனியில் உள்ள கணிப்பொறிகளோ அத்தனையும் விண்டோஸ். முன்பு இரு முறை அம்மையார் அண்டை வீடுகளில் அதனைச் செருகிப் பார்த்தாராம். இரு முறையும் ஃபார்மட் செய்யலாமா என்ற கேள்வி வந்தது. "ஆமாம்னு அழுத்துங்க ஆன்ட்டி, சரியாயிடும்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அம்மையார் அஞ்சினார். "அப்பா உள்ளே இருக்கார், எனக்கு விளங்காத பொத்தானை நான் அழுத்த மாட்டேன்" என்று கம்பியைப் பிடுங்கிக் கொண்டு வந்துவிட்டார். படித்தவர் பலர்க்கு வாய்க்காத விழிப்பு அது.

சங்க அறையில் ஒரு ஞாயிறன்று நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். நால்வருள் வழி அறிந்தவள் பொறியியல் பயிலும் நம் காலனிப் பெண் ஒருத்தியே. ஏனைய மூவர் காப்பி கொடுத்துக் கவலைப்பட்டோம் என்று சொல்வதே பொருந்தும். அவள் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி வந்து, அதிலிருந்தே கணிப்பொறியை எழுப்பினாள். விண்டோஸ் உறங்கிற்று, ஆகவே ஃபார்மட் கேள்விக்கு இடமில்லை. மாக்கின்டாஷின் எச்.எஃப்.எஸ். பிளஸ் தட்டை லினக்ஸ் படிக்க வல்லது. அதிலும் ஒரு நன்மை: நாட்குறிப்பு வைத்துக் காக்கும் வகைத் தட்டாயின், லினக்ஸ் அதனைப் படிப்பதோடு நிற்கும், எழுதத் துணியாது. நமக்கு வேண்டியதும் அதுவே.

அவள் உடனே கோப்புகளைத் தேடவில்லை. நொந்துபோன தட்டில் அங்கும் இங்கும் தேடினால் அது இடையில் உயிர்விடும். முதலில் முழுத்தட்டையும் ஒரே ஓட்டத்தில் படியெடுத்துக் கொள்வோம், பிறகு படியில் தேடுவோம் என்றாள். டி.டி.ரெஸ்க்யூ என்ற நிரல் அப்பணிக்கு உரியது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் வாரிக் கொள்ளும்; படியாத இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்ப வந்து பொறுமையாக முயலும். தேர்வு எழுதத் தெரிந்த மாணவன் செய்வதும் இதுதானே. மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது இரவு ஒன்பதரைக்கு முடிந்தது. அதுவரை கருவியின் அடியில் ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மையார் எழுந்து செல்லவே இல்லை.

படியைத் திறந்தபோது, பாட்டு அறைகளில் பொய்ப்பெயர் பூண்ட கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை பேரன் கேட்ட பாட்டுகள். நாம் தேடியது ரெக்கார்டிங்ஸ் என்ற தனி அறையில் இருந்தது. அவ்வொலிவாங்கி வேவ் வடிவத்தில், நொடிக்கு 8,000 மாதிரி வீதம் ஒற்றைத் தடத்தில் பதிவது. தொலைபேசிக் குரலின் தரம். மணிக்கு 58 மெகாபைட் அளவே ஆகும். தொலைபேசித் தரமானால் என்ன? முதல் கோப்பைத் தொட்டதும் அந்தத் தொண்டைச் செருமல் வந்தது. பிறகு, "எல்லாரும் சம்மணம் போட்டாச்சா?" என்ற குரல். அறையில் இருந்த ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

மூன்று பதிவுகள் மீளவில்லை. தட்டு அங்கே அழிந்துவிட்டது. மற்றவை வந்தன. ஒன்றில், தாளம் தப்பிய சிறுமி ஒருத்தி, "தாத்தா, இன்னொரு வாட்டி" என்று கெஞ்சுகிறாள். அச்சிறுமி இன்று இந்த அவையில், தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். சற்று முன் இறைவணக்கத்தில் நீங்கள் கேட்டது அப்பதிவே. கருவி அடுத்த வாரம் முற்றும் நின்றுவிட்டது.

இவ்விடத்தில் தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பாட்டுக் கோப்பின் உள்ளே பாட்டின் பெயரை எழுதும் சீட்டு ஒன்று உண்டு, அதனை ஐ.டி.3 என்பர். அதன் பழைய வடிவில் பெயருக்கு 30 எழுத்திடமே இருந்தது. அதுவும் ஐரோப்பிய எழுத்துக்கென வகுத்த இடம். யூனிகோடு பரவுமுன் தமிழன்பர்கள் டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியீடுகளில் எழுதினர். அக்காலத்துச் சீட்டுகளை இன்று திறந்தால் பிரெஞ்சு எழுத்தும் வேற்றுக் குறியுமாகத் தோன்றும். பாட்டுக் கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டா. குறியீடு மாற்றும் நிரல்கள் உள்ளன. தமிழ் மீண்டு வரும். 2010இல் தமிழ்நாட்டரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இனி எழுதுவதை அம்முறையிலேயே எழுதுவது நலம்.

வீட்டில் செய்யத் தக்கன சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஐபாட் விண்டோஸ் முறையில், அதாவது ஃபாட் 32இல் அமைந்ததாயின், கவலை குறைவு. விண்டோஸ், மாக்கின்டாஷ், லினக்ஸ் மூன்றும் அதனைப் படிக்கும். கணிப்பொறியில் செருகியதும் ஐடியூன்ஸ், இக்கருவி வேறொரு நூலகத்துக்கு உரியது, அழித்துவிட்டு இந்நூலகத்தோடு இணைக்கவா என்று கேட்கக்கூடும். அதற்கும் வேண்டா என்பதே விடை. பின்னர் கருவியைத் தட்டாகத் திறந்து, மறைந்துள்ள கோப்புகளைக் காட்டுமாறு அமைத்தால், ஐபாட் கண்ட்ரோல் என்ற உறை தெரியும். அதனுள் மியூசிக் என்ற உறையை முழுவதுமாகப் படியெடுத்து விடுங்கள். பொய்ப்பெயரைக் கண்டு மயங்க வேண்டா. உள்ளே சீட்டு இருக்கும் வரை, பாட்டு இயக்கும் எந்த நல்ல மென்பொருளும் உண்மைப் பெயரை எடுத்துக் காட்டும். மாக்கின்டாஷ் முறையில் அமைந்ததாயின், எச்.எஃப்.எஸ். எக்ஸ்புளோரர் என்ற இலவச நிரல் விண்டோஸிலேயே அதனைப் படிக்க மட்டும் உதவும். அல்லது மேலே சொன்ன லினக்ஸ் வழி. தொடுதிரையுள்ள ஐபாட் டச் வகைக்கு இவ்வழிகள் அப்படியே பொருந்தா. அது தட்டாகத் திறவாது. முதுகு உப்பியிருக்கும் கருவியை மின்சாரத்தில் செருகவே கூடாது. மின்கலம் வீங்கியதன் அடையாளம் அது.

பாட்டை மீட்டபின் அதே கருவியை மீண்டும் பயன்படுத்த விரும்புவோர்க்கு ராக்பாக்ஸ் என்றொரு மென்பொருள் உண்டு. 2001 இறுதியில் ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சுக் கருவிக்கென ஆர்வலர் சிலர் தொடங்கியது. பின்னர் பழைய ஐபாட் வகைகள் பலவற்றுக்கும் வந்தது. அதனை ஏற்றினால் பதிவேட்டுத் தொல்லை இல்லை; கோப்பைப் போட்டால் பாடும். ஆப்பிளார் 2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையையே நிறுத்திவிட்டனர். ஆயினும் ஆர்வலரின் பணி நிற்கவில்லை.

சங்க அறையில் வரும் மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் மாலை நான்கு மணிக்கு நம் இளைஞர் குழு கூடும். ஐபாட் மட்டுமன்று, பழைய வாக்மன், மினிடிஸ்க், பெயரில்லாக் கருவி எதுவாயினும் கொண்டு வரலாம். கட்டணம் இல்லை. கருவியோடு அதன் கம்பியையும் மறவாமல் எடுத்து வாருங்கள். முப்பது முனையுடைய அந்தப் பழைய கம்பி இப்போது கடையில் எளிதில் கிடைப்பதில்லை. வரும் வழியில் யார் வீட்டிலாவது செருகிப் பார்க்க வேண்டா.